கணனி இல்லாமல் ஒரு கணனிப் பாடம்

"சாமி, டவுன்ல புள்ளைங்க அஞ்சாறு வயசிலேயே கம்பியூட்டர் கோடிங் படிக்குதாம். எங்களுக்கு இருந்த வீடும் போச்சு. எங்க புள்ளைங்க எந்தக் காலத்துல அதப் படிக்கப் போகுது?"

ஹட்டனை அண்டிய ஒரு தோட்டத்தில், ஆலய மண்டபத்தில் தங்கியிருந்த ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலையகத்தின் பல சரிவுகள் இடிந்து விழுந்தன. லயத்தையும் மரக்கறிப் பாத்திகளையும் ஒரே இரவில் விட்டுவந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அவர் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. சிறுவர்களுக்குக் 'கோடிங்' கற்பிக்கும் ஒரு தனியார் வகுப்பின் விளம்பரம். மடிக்கணனி கட்டாயம் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்.

ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு உண்மையான பதில் வேண்டும் என்று எண்ணினோம். அந்த மண்டபத்திலேயே ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளோடு நாங்கள் செய்து பார்த்தவற்றையும், வேறு நாடுகளில் பிறர் செய்து காட்டியவற்றையும் இங்கு எழுதுகிறேன். இதைப் படிக்கும் பெற்றோர் கூடாரத்தில் இருந்தாலும், தற்காலிகக் கொட்டிலில் இருந்தாலும், உறவினர் வீட்டு மூலையில் இருந்தாலும் இவற்றைத் தாமே செய்து பார்க்கலாம்.

சொன்னதை மட்டும் செய்யும் வேலையாள்

முதல் நாள் பிள்ளைகளிடம் ஒரு கேத்தல், ஒரு கோப்பை, தேயிலைத்தூள், சீனி, கரண்டி ஆகியவற்றைக் காட்டினேன். "இப்போது நான்தான் கணனி. எனக்கு எதுவும் தெரியாது. நீங்கள் சொல்வதை மட்டும் செய்வேன். எனக்கு பிளேன்டீ போடச் சொல்லித் தாருங்கள்" என்றேன்.

"தூளைப் போடுங்க சாமி" என்றான் ஒரு சிறுவன். தூளை மேசையில் போட்டேன். மண்டபம் முழுவதும் சிரிப்பு. "கோப்பையில போடுங்க!" என்று திருத்தினார்கள். பக்கற்றோடு கோப்பையில் வைத்தேன். "கரண்டியால அள்ளிப் போடுங்க!" அள்ளிப் போட்டேன், நிறுத்தவில்லை. கோப்பை நிரம்பி வழிந்தது. எத்தனை கரண்டி என்று யாரும் சொல்லவில்லையே!

அரை மணித்தியாலம் கழிந்தபோது பிள்ளைகள் தாமாகவே ஒரு தாளில் பதினொரு வரிகள் எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு வேலை. எதை, எங்கே, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அதில் இருந்தன. கணனிக் கல்வியின் அடித்தளம் இதுதான். ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, சந்தேகத்திற்கு இடமில்லாமல், சரியான வரிசையில் எழுதுவதைப் 'படிமுறை' என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'அல்கோரிதம்' என்ற சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. மின்சாரக் கணனி பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர் அவர். படிமுறைக்குக் கணனி தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தப் படிகளைக் கணனிக்குப் புரியும் மொழியில் எழுதுவதே 'கோடிங்'. சிந்தனை முதலில் வருகிறது, இயந்திரம் பின்னர் வருகிறது. எமது பிள்ளைகள் முதற்படியைக் கற்க எந்தத் தடையும் இல்லை.

நியூசிலாந்தில் தொடங்கிய முயற்சி

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலுள்ள கன்ரபரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிம் பெல், இயன் விற்றன், மைக் பெலோஸ் என்ற இரு அறிஞர்களோடு சேர்ந்து, 1990களில் கணனியே இல்லாமல் கணனி அறிவியலைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் விளையாட்டுகளைத் தொகுத்தார். அட்டைகள், கயிறு, வெண்கட்டி, சிறு பொதிகள் ஆகியவையே கருவிகள். 1998இல் நூலாக வெளிவந்த அத்தொகுப்பு பின்னர் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இலவசமாகக் கிடைக்கிறது. கணனி அறைகள் நிறைந்த நாடுகளிலும் ஆசிரியர்கள் இன்றைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். இல்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடாக மட்டும் இதைக் கருத வேண்டாம். நல்ல கல்வியின் ஒரு முறை இது.

அதற்கும் முன்னர், 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பேட் என்பவரும் அவருடைய சகாக்களும் சிறுவர்களுக்காக 'லோகோ' என்ற கணனி மொழியை உருவாக்கினார்கள். அதில் ஓர் 'ஆமைக்கு' முன்னே போ, திரும்பு என்று கட்டளையிட்டால் அது கோடு வரைந்துகொண்டு போகும். பிள்ளைக்கு வழி தெரியாமல் போனால், 'நீயே ஆமையாகி நடந்து பார்' என்பதே பேப்பேட்டின் அறிவுரை. நடப்பதற்குக் கால்கள் போதும்.

இங்கிலாந்தில் 2014 செப்ரெம்பரிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே இந்தப் பாடம் தொடங்குகிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தேசிய கல்விக் கொள்கையும் பள்ளிப் பருவத்திலேயே இதைக் கற்பிக்கச் சொல்கிறது. உலகம் போகும் திசையை அந்தத் தாய் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

பாட்டியின் கோலத்தில் கணனி

எமது மூதாதையர் கடல் கடந்து இந்த மலைகளுக்கு வந்தபோது கொண்டுவந்த சொத்துகளில் ஒன்று கோலம். பொங்கலன்று லயத்து வாசலில் அரிசிமாவால் அது மலர்வதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். சென்னை தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிப்ற் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியினர், கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1970களில் இந்தக் கோலங்களைக் கணனி அறிவியலின் கண்கொண்டு ஆராய்ந்தார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்திற்கும் விதிகளை எழுதலாம், சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறு கோலம் பெரிய கோலமாக வளரும் என்று அவர்கள் காட்டினார்கள். 1974இல் இது பற்றிய அவர்களுடைய கட்டுரை சர்வதேச ஆய்வேடு ஒன்றில் வெளியானது. எழுத்தறியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அறிவு, கணனி அறிவியலுக்குப் பொருளாயிற்று.

நாங்கள் மண்டபத் தரையில் வெண்கட்டியால் புள்ளிகள் இட்டோம். ஒரு பிள்ளை ஆமை. மற்றவர்கள் அட்டைகளைக் காட்டுவார்கள்: 'முன்னே ஒரு புள்ளி', 'வலம் திரும்பு', 'இடம் திரும்பு'. ஒரு சதுரம் வரைய முதலில் எட்டுக் கட்டளைகள் எழுதினார்கள். 'மூன்று புள்ளி முன்னே போ, வலம் திரும்பு' என்ற இரண்டே திரும்பத் திரும்ப வருவதை ஒரு சிறுமி கவனித்தாள். "நாலு தரம்னு போட்டா போதாதா?" என்று கேட்டாள். கணனியாளர் இதை 'மீளச்செய்தல்' என்பார்கள். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் கருத்து அவளுடையதாகிவிட்டது.

அடிக்கடி நேர்ந்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆமை எங்களை நோக்கி வரும்போது, 'வலம்' என்பது எங்கள் வலமா, ஆமையின் வலமா? பிள்ளைகள் தங்கள் வலத்தை நினைத்துச் சொல்ல, ஆமை மறுபக்கம் போய்விடும். முதலில் ஆமையைத் திட்டினார்கள். பிறகு வரிசையாகக் கட்டளைகளைப் படித்துப் பார்த்து, பிழை எந்த வரியில் என்று தேடக் கற்றார்கள். பிழை வந்தால் பிரம்பு வரும் என்று பழகிய பிள்ளைகளுக்கு இது ஒரு புதிய அனுபவம். வீட்டை இழந்த அதிர்ச்சியில் வாய் திறக்காதிருந்த சிலர், இந்தப் பிழை தேடும் வேளையில்தான் முதன்முறை பேசினார்கள்.

படிக்கல், கிழங்கு, தண்ணீர்க் குழாய்

கொழுந்து நிறுக்கும் இடத்தை அறியாத தோட்டப் பிள்ளை இல்லை. எனவே ஐந்து அட்டைகளில் 1, 2, 4, 8, 16 என்று எழுதி, "இவை கிலோ படிக்கற்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் இருக்கிறது. 18 கிலோவை எப்படி நிறுப்பீர்கள்?" என்று கேட்டோம். 16உம் 2உம். 21 கிலோ? 16, 4, 1. இந்த ஐந்து கற்களால் 1 முதல் 31 வரை எந்த எடையையும் நிறுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டார்கள். கல்லை வைத்தால் 1, வைக்காவிட்டால் 0. பெரிய கல்லிலிருந்து தொடங்கி எழுதினால் 18 என்பது 10010. கணனிக்குள் எல்லா எண்களும் எழுத்துகளும் படங்களும் இப்படி 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு நிலைகளாகவே இருக்கின்றன. ஒரு மின்குமிழ் எரிவதும் அணைவதும் போன்றதுதான்.

அடுத்தது, எட்டு உருளைக்கிழங்குகளை எடைப்படி வரிசையாக அடுக்கும் விளையாட்டு. எடைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். படிக்கல் இல்லை, ஒரு தராசில் இரண்டு கிழங்குகளை மட்டும் ஒப்பிடலாம். எல்லாவற்றிலும் சிறியதைத் தேடி எடுத்து, மிச்சத்தில் சிறியதைத் தேடி எடுத்து என்று போனால் 28 தடவை ஒப்பிட வேண்டும். வேறொரு வழியும் உண்டு. முதலில் இரண்டிரண்டாக அடுக்கி, அவற்றை நான்கு நான்காகச் சேர்த்து, பின்னர் எட்டாகச் சேர்த்தால் கூடியது 17 தடவையே போதும். எட்டுக் கிழங்கில் சேமிப்பு சிறிது. எட்டாயிரம் என்றால்? விதைக்கிழங்கு தரம்பிரித்த தகப்பன்மார் அருகில் நின்று இதை ரசித்ததைக் கண்டேன். ஒரே வேலைக்கு நல்ல வழியும் மோசமான வழியும் உண்டு என்பது அவர்களுக்குப் புதிதல்ல.

மூன்றாவது விளையாட்டு புதிய குடியேற்றம் பற்றியது. பத்து வீடுகளைத் தரையில் வரைந்து, அவற்றுக்கிடையே குழாய் போட எத்தனை அடி வேண்டும் என்று எழுதினோம். எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கிடைக்க வேண்டும். குழாய் குறைவாகச் செலவாக வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்த விதி எளியது. மிகக் குறுகிய இணைப்பை முதலில் எடு. ஏற்கெனவே ஒன்றோடொன்று தொடர்புபட்ட வீடுகளை மீண்டும் இணைக்காதே. எல்லாம் சேர்ந்ததும் நிறுத்து. பத்து வீட்டுக்கு ஒன்பது குழாய்த் துண்டுகளே போதும். இதே கணக்கை 1926இல் செக் நாட்டுக் கணித அறிஞர் ஒட்டகார் பொரூவ்கா, மொராவியாவின் ஊர்களுக்கு மின்கம்பி இழுக்கும் தேவைக்காகத் தீர்த்தார்.

மழைமானியும் ஒரு விதியும்

'இப்படியானால் இதைச் செய்' என்ற நிபந்தனை கணனிக் கட்டளைகளில் முக்கியமானது. எமது மக்கள் இந்த நிபந்தனைக்குள்ளேயே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் விழும் ஒவ்வொரு பேரும் ஒரு நிபந்தனையின் முடிவு.

நாங்கள் உயிர் காக்கும் ஒரு நிபந்தனையை எடுத்துக்கொண்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளாக வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாயிரு. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள்: புறப்படத் தயாராகு. 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் சிவப்பு: வெளியேறு.

நேரான பக்கங்களுள்ள ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் பொருத்தினோம். அடியில் சிறு கற்களைப் போட்டு, அவை மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்தோம். அங்கிருந்து மில்லிமீற்றர் அளவை ஒட்டினால் மழைமானி தயார். பின்னர் பிள்ளைகள் விதியை அட்டையில் எழுதினார்கள்:

75ஐத் தாண்டினால் மஞ்சள் என்று சொல், நிறுத்து.
100ஐத் தாண்டினால் செம்மஞ்சள் என்று சொல், நிறுத்து.
150ஐத் தாண்டினால் சிவப்பு என்று சொல், நிறுத்து.

பார்வைக்குச் சரியாகவே இருந்தது. ஒரு சிறுவனைக் கணனியாக நிறுத்தி, "மழை 160" என்றேன். அவன் முதல் வரியைப் படித்தான். 160 என்பது 75ஐத் தாண்டுகிறது. "மஞ்சள்!" என்று சொல்லி நின்றுவிட்டான். எல்லோரும் திகைத்தார்கள். மலை சரியும் நேரத்தில் கணனி 'விழிப்பாயிரு' என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது! கணனி தவறு செய்யவில்லை. எழுதியவர்கள் வரிசையைத் தவறாக எழுதிவிட்டார்கள். சிறிது நேரம் வாதாடிய பின், 150ஐ முதலில் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்து மூன்று வரிகளையும் தலைகீழாக மாற்றினார்கள்.

பின்னர் பெரியவர்கள் இன்னும் சில வரிகளைச் சேர்த்தார்கள். நிலத்தில் வெடிப்புத் தெரிந்தால், அல்லது மரங்கள் சாய்ந்தால், அல்லது ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினால் அல்லது நின்றால், மழைமானி என்ன சொன்னாலும் வெளியேறு. 'அல்லது' என்ற சிறு சொல்லின் பெறுமதியை அன்று பிள்ளைகள் அறிந்தார்கள். அதிகாரிகள் அறிவித்தால் எமது போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் ஒரு வரியாக எழுதப்பட்டது.

விதியை எழுதுபவர் யார்?

இங்குதான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். எமது பிள்ளைகள் எல்லோரும் கணனிப் பொறியியலாளர் ஆகப்போவதில்லை. ஆனால் கணனிகள் எடுக்கும் முடிவுகளின் கீழ் எல்லோரும் வாழப்போகிறார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்கு 22 குறிகாட்டிகளின்படி புள்ளியிடப்பட்டே குடும்பங்கள் தெரிவுசெய்யப்பட்டன. நிவாரணம், வீடு, காணி என்று எதற்குப் போனாலும் பட்டியல் உண்டு. பட்டியலுக்குப் பின்னால் விதி உண்டு. "பேர் கம்பியூட்டர்ல வரல்ல" என்ற பதிலைக் கேட்டு, அதைத் தலைவிதிபோல ஏற்றுக்கொண்டு திரும்பும் மக்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று செக்ரோலுக்கு முன் நின்றவர்கள், 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு முன் நின்றவர்கள், இன்று கணனித் திரைக்கு முன் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் விதியை வேறு யாரோ எழுதினார்கள். பிளேன்டீ விளையாட்டில் மேசையில் தூள் கொட்டுவதைக் கண்டு சிரித்த பிள்ளைக்குத் தெரியும்: கணனிக்குச் சொந்தப் புத்தி இல்லை, யாரோ ஒரு மனிதர் எழுதிய வரியையே அது செய்கிறது. ஆகவே அந்த வரி எது, அதை யார் எழுதினார், பிழை இருந்தால் யாரிடம் கேட்பது, மேன்முறையீடு செய்ய வழி என்ன என்று அந்தப் பிள்ளை வளர்ந்தபின் கேட்கும். பிரேசிலில் பாவ்லோ பிரேயர் 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு 40 மணித்தியாலங்களில் எழுத்தறிவு புகட்டினார். எழுத்தைப் படிப்பதோடு தம் உலகத்தையும் படிக்க வேண்டும் என்பதே அவர் வழி. கணனி எழுத்தறிவுக்கும் அது பொருந்தும்.

கற்கள் மட்டும் போதாது

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 'தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்லும் அட்டையும் போதும்' என்று யாரும் முடிவுகட்டிவிட இக்கட்டுரை உதவக்கூடாது. 2020இல் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியும் சிக்னலும் இல்லாத தோட்டப் பிள்ளைகள் பாடமே இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. எமது பாடசாலைகளுக்குக் கணனிகள் வேண்டும், மின்சாரம் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த தமிழ்மொழி ஆசிரியர்கள் வேண்டும். இது உரிமை. அதைக் கேட்பதை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. ஆனால் அவை வரும்வரை பிள்ளையின் மூளை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அடிப்படையைக் கற்ற பிள்ளை, கணனி வரும் நாளில் அதன் முன் அச்சமின்றி உட்காரும். கடன்பட்டு மடிக்கணனி வாங்கவும், மாதக் கட்டணம் கட்டவும் இந்த வயதில் எந்தப் பெற்றோரும் அவசரப்பட வேண்டாம்.

வீட்டிலேயே தொடங்க

1. நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வையுங்கள். மூத்தது இளையதற்குச் சொல்லிக்கொடுக்கும்.

2. தெரிந்த வேலை ஒன்றை எடுங்கள்: பிளேன்டீ போடுதல், கோவா நாற்று நடுதல், செபமாலைக்கு ஆயத்தம் செய்தல். பிள்ளை படிப்படியாகச் சொல்ல, நீங்கள் சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

3. கோலம் போடத் தெரிந்த பாட்டியை அழையுங்கள். அவர் போடும் ஒவ்வொரு அசைவையும் பிள்ளை எழுதட்டும். திரும்ப வருவது எது என்று கேளுங்கள்.

4. பிழை வந்தால் திட்டாதீர்கள். "எந்த வரியில் பிழை?" என்று மட்டும் கேளுங்கள்.

5. எழுதத் தெரியாத பெற்றோர் தயங்க வேண்டாம். அம்புக்குறியும் கல்லும் எல்லோருக்கும் பொதுவான எழுத்து.

எழுதப்படாத வரி

மழைமானி விதியை முடித்துச் சுவரில் ஒட்டிய அன்று, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சாமி, செவப்பு வந்தா வெளியேறுன்னு எழுதியிருக்கோம். எங்க போறதுன்னு எழுதலியே?" என்று கேட்டாள்.

எனக்கு மீரியபெத்த நினைவுக்கு வந்தது. கொஸ்லாந்தையிலுள்ள அந்தத் தோட்டத்தில் 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. வெளியேறு என்ற வரி இருந்தது. காணியும் வீடும் இல்லாத மக்கள் எங்கே வெளியேறுவது என்ற அடுத்த வரி எழுதப்படவில்லை. படி குறைந்த கட்டளையைக் கணனியாலும் நிறைவேற்ற முடியாது, மனிதராலும் முடியாது.

அன்று மாலை பெரியவர்கள் கூடினார்கள். இரவில் எந்தப் பாதையால் போவது, முதியோரை யார் தூக்குவது, ஆலய மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பவற்றைப் பேசி அட்டையில் சேர்த்தார்கள். அது அந்த ஓர் இரவுக்கான வரி. அதற்குப் பிந்திய வரி, பாதுகாப்பான நிலத்தில் சொந்தக் காணியும் வீடும். அதை எழுதும் அதிகாரம் எங்கள் கையில் இல்லை. அந்த இடத்தை அட்டையில் வெறுமையாக விட்டு, அதன் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு உரியவர்களிடம் போயிருக்கிறோம், மீண்டும் போவோம்.

விளம்பரத்தோடு வந்த அந்தத் தாயும் எங்களோடு வந்திருந்தார். அட்டையைக் காட்டி விளக்கியவர் அவர்தான்.